கடைசி சீட்டில் கேள்வி கிடையாது

உனக்கு மானம் போன கதை ஒன்றாவது இருக்கும் இல்லையா அம்மணி? இல்லை என்று தலையாட்டாதே. தாராபுரத்தில் ஏறினதிலிருந்து பார்க்கிறேன், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்வலிக்காரி மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். மூலனூர் போய்ச் சேர்வதற்குள் உன்னை ஒரு தடவையாவது சிரிக்க வைக்காவிட்டால் என் பேர் துளசிமணி இல்லை. எங்கள் கம்பெனி வேனில் வந்து கேட்டுப் பார். கடைசி சீட்டு துளசிமணி வாயைத் திறந்தால் கல்லுப்பிள்ளையார்கூட வயிற்றைப் பிடித்துக்கொள்வார் என்பார்கள்.

முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். நம் மானத்தை நாம் முதலில் எடுத்துப் போட்டால்தான் எதிரில் இருப்பவள் தன்னுடையதை எடுப்பாள். அதுதான் முறை.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற துணியை மேஜைமேல் விரித்துப் போட்டு, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை என்று பார்த்து, பழுது இருக்கிற இடத்தில் சிவப்பாக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன். என் பெரிய மகளுக்கு நிச்சயம் வைத்திருந்த அன்றைக்கு அரை நாள்தான் லீவு கொடுத்தார்கள். அவசரத்தில் அங்கேயே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, செருப்பு மாட்டுவதற்காக என் ஸ்டூலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு ஓடி வந்தேன். வந்து மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் குனிந்து குனிந்து காபி கொடுத்தேன். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். சரி, நம் புடவை நன்றாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார். என் பின்பக்கத்திலிருந்து எதையோ உரித்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, "சம்பந்தி, இது உங்களுதுங்களா?" என்று காட்டினார். சிவப்பு அம்பு. சரியாக உட்காருகிற இடத்தில். இந்தப் பொம்பளைக்குப் பழுது இங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்திருக்கிறேன்.

இதற்கும் சிரிக்க மாட்டாயா? சரி, உன் இஷ்டம். அன்றைக்கு ராத்திரி நான் அழுதேன் தெரியுமா? மறுநாள் வேனில் சொன்னேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். அதோடு அந்த வெட்கம் என்னை விட்டுப் போய்விட்டது. அசிங்கத்தைத் தனியாக மூடி வைத்தால் ஊசிப்போய் நாறும் அம்மணி. நாலு பேர் நடுவில் திறந்து வைத்தால் எல்லாரும் எடுத்துச் சாப்பிடுகிற பண்டம். இதை நானே கண்டுபிடித்தேன். படித்ததில்லை.

எங்கே போகிறேன் என்றுதானே கேட்டாய்? அதைத்தான் சொல்ல வருகிறேன். எங்கள் வேனில் சுகந்தி என்று ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். ஒரு மாசத்துக்குமேல் ஆகிறது, வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறேன். அவள் இல்லாமல் கடைசி சீட்டே செத்துக் கிடக்கிறது.

கடைசி சீட்டு என்றால் உனக்குத் தெரியாது. ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். முன்னால் இருப்பவர்கள் தூங்குவார்கள். நடுவில் இருப்பவர்கள் போன் பார்ப்பார்கள். கடைசி நீள சீட்டில் நாங்கள் ஐந்தாறு பேர் மானம் போன கதை சொல்வோம். சட்டம் போட்டது நான்தான். சொந்தக் கதையாக இருக்க வேண்டும். கட்டாயம் மானம் போயிருக்க வேண்டும். யார் கதைக்கு டிரைவர்வரைக்கும் சிரிப்பு போய்ச் சேருகிறதோ அவளுக்குச் சாயங்காலம் ஜன்னல் ஓரம். புதிதாக வருகிறவள் முதல் நாளே ஒன்று சொல்லியாக வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும்விட முக்கியம், கதைக்குக் கேள்வி கிடையாது. ஏன், எதற்கு, அப்புறம் என்ன ஆச்சு என்று யாரும் நோண்டக் கூடாது.

அது எப்படி வந்தது என்றால், ரெஜினா என்று ஒருத்தி, ஓவர்லாக் மெஷினில் தைப்பவள். கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது மயங்கி ஃபாதர்மேல் சரிந்து, அவரையும் இழுத்துக்கொண்டு பூச்சாடிகளுக்குள் விழுந்த கதையைச் சொன்னாள். நாங்கள் உருண்டு சிரிக்கிறோம். புதிதாக வந்த ஒரு பெண், "ஏனுங்க்கா, காலைல சாப்பிடலீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். ரெஜினா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. கம்பெனி கேட் வரைக்கும் அழுதாள். அன்றைக்கு முழுக்க யாருக்கும் வேலை ஓடவில்லை. சாயங்காலமே சட்டம் போட்டேன். கேள், சிரி, விடு. அந்தச் சட்டத்துக்கு அப்புறம் எங்கள் சீட்டில் யாரும் அழுததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சுகந்தி பிசிர் வெட்டுகிற வேலைக்கு வந்தாள். தைத்த துணியில் நூல் நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதைக் கத்தரிக்கிற வேலை. ஒல்லியாக, என் உயரம் இருப்பாள். யாராவது பின்னால் வந்தால் தோளைத் தூக்கிக்கொள்வாள். முதல் நாள் மூலையில் உட்கார்ந்தவளை விடுவேனா. கதை சொல் என்றேன். அவளும் உன்னை மாதிரிதான், இல்லை இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் சொன்னாள் பார்.

அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறாள். முன்னால் நிற்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னால் நிற்பவர்கள் கிசுகிசு என்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முறை வந்ததும் கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்து, "பாமாயில் வாங்க வந்தியா, கடையைக் கொள்ளையடிக்க வந்தியா?" என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் தலையைத் தொட்டுப் பார்த்தாளாம். ஹெல்மெட். வண்டியில் போகவில்லை, நடந்துதான் போனாள். வீட்டுக்குள் போட்டுக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தவள் மறந்துபோய் அப்படியே கிளம்பி வந்துவிட்டாள். "கண்ணாடியைத் தூக்கி முகத்தைக் காட்டும்மா, கார்டுல இருக்கறது நீதானான்னு பார்க்கணும்" என்றாராம். அவளும் தூக்கிக் காட்டி, எண்ணெய் வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டோடேயே திரும்பி நடந்தாளாம். கழற்றினால் இன்னும் வெட்கமாக இருக்கும் என்று.

வேன் குலுங்கியது அம்மணி. டிரைவர், "எந்தக் கம்பெனி ஹெல்மெட்டுன்னு கேளுங்க்கா, குக்கர் விசில் கேட்குமா அதுல" என்று கத்தினார். சுகந்தி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு முதலில் பயம்தான் வந்தது போல. அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு என்றால் இருமல் மாதிரி. நெடுநாள் ஓடாத மோட்டார் தண்ணீர் தூக்குவதற்கு முன்னால் ஒரு சத்தம் போடும் பார், அது மாதிரி. அன்றைக்கு ஜன்னல் ஓரம் அவளுக்குத்தான். ஹெல்மெட்டு என்றே பேர் வைத்துவிட்டோம்.

அதற்கப்புறம் அவளை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. மாரியம்மன் கோயில் கதை ஒன்று சொன்னாள். கோயிலுக்குள் சாமி தூக்குகிற மரச் சிங்கத்துக்குப் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டாளாம். பூசாரி கவனிக்காமல் பூட்டிவிட்டார். காலையில் கதவைத் திறந்தால் சிங்கத்துக்குப் பின்னாலிருந்து தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை எழுந்து நிற்கிறாள். பூசாரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். "ஆத்தா, விளக்கெண்ணெய் மட்டுந்தான் வூட்டுக்கு எடுத்துட்டுப் போனேன், வேற ஒண்ணும் தொட்டதில்ல" என்று அழுகிறார். இவள் என்ன செய்வாள்? கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டு நேராக வீட்டுக்கு நடந்துவிட்டாள். சாமி இறங்கி நடந்து போகிறது என்று அந்த ஆள் தலையைத் தூக்கவே இல்லையாம்.

வெளியே பார்க்கிறாயே. வறண்ட காடு, என்ன இருக்கிறது பார்க்க? இன்னொன்று கேள், இதற்குச் சிரிக்காவிட்டால் உன்னை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் வந்து நின்றிருக்கிறாள். அக்கா வீட்டுக்குப் போவதற்காம். பஸ் வந்தது, கை காட்டினாள், நின்றது, ஏறி உட்கார்ந்துவிட்டாள். டிக்கெட் கொடுக்க வருகிறார்கள் என்று கையை நீட்டினால் சந்தனம் தடவி விடுகிறார்கள். கல்யாண வண்டி. இறங்கலாம் என்று பார்த்தால் தலையில் பூ வைத்துவிட்டார்கள். மண்டபத்தில் பெண் வீட்டார் இவளை மாப்பிள்ளைக்கு அத்தை என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குச் சித்தி என்று நினைத்தார்கள். மேடையில் போட்டோவுக்கு நின்றிருக்கிறாள், துணிப்பையோடு. கடைசியில் சமையல் ஆட்களின் தலைவி, ஒரு அம்மா, இவளைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய், "நீ எந்த வூட்டுக்காரியும் இல்லைன்னு எனக்குத் தெரியும், சாப்பிட்டியா?" என்று கேட்டாராம். சாப்பிட வைத்து, வெங்காயம் உரிக்க வைத்து, சாயங்காலம் தாம்பூலப் பையோடு பஸ் ஏற்றிவிட்டாராம். இனி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இவள் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்று நாங்கள் அவளை ஓட்டாத நாள் இல்லை.

இப்படிப்பட்டவளை வேனுக்குள்ளேயே வைத்திருந்தால் எப்படி? ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு கூப்பிடுவார்கள். பொரி, பழம், பாட்டு, மைக். என்னை ஏதாவது பேசச் சொன்னார்கள். நான் ஹெல்மெட் கதையை நடித்தே காட்டினேன். வாட்ச்மேனிடம் ஹெல்மெட் வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, கரண்டியால் கிண்டுகிற மாதிரி, வரிசையில் நிற்கிற மாதிரி, கண்ணாடியைத் தூக்கி முகத்தைக் காட்டுகிற மாதிரி. முதலாளி நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். சுகந்தி எழுந்து நின்று இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டாள். வெட்கம்.

அவள் புருஷன் மகுடீஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவரை முதலில் பார்க்கிறேன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, அவ்வளவு பதவிசு. எல்லாரையும்விட அவர்தான் அதிகமாகச் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்தின பிறகும் கை தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் நேராக என்னிடம் வந்து, "ரொம்ப நல்லா சிரிக்க வெச்சீங்க்கா. எங்கிட்ட இவ ஒண்ணுமே சொல்றதில்லை. இன்னும் என்னென்ன சொல்லியிருக்கா?" என்று கேட்டார். பெண்டாட்டியின் பேச்சை இப்படி ஆசையாகக் கேட்கிற ஆம்பளை எத்தனை பேர் இருக்கிறார்கள் சொல். கோயில் கதையையும் சொன்னேன், கல்யாண வண்டி கதையையும் சொன்னேன். ஒரு பொரி வாயில் போடவில்லை, அப்படிக் கேட்டார்.

"அவளுக்கு அக்காவே கிடையாதேக்கா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எந்த ஊர்க் கல்யாணம்னு சொன்னாளா?" என்றார். எனக்கு அப்போது தெரியாது, தெரியாது என்றேன்.

கிளம்பும்போது வண்டியருகில் அவளை நிறுத்தி, அவரே அவள் தலையில் ஹெல்மெட்டை மாட்டினார். கழுத்துக்குக் கீழே வாரை இழுத்துப் பூட்டி, மேலே இரண்டு தட்டு தட்டினார். என் வீட்டுக்காரர் நான் வண்டியில் ஏறினேனா என்றுகூடத் திரும்பிப் பார்க்காதவர். நான் ரெஜினாவிடம் சொன்னேன், பாருடி, குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரி பார்த்துக்கொள்கிறார் என்று.

அதற்கப்புறம் சில நாள் சுகந்தி வரவில்லை. வந்தபோது கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தாள், தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். குரலும் வரவில்லைதான். கதை கேட்டேன். "இனிமே எங்கிட்ட கதை இல்லீங்க்கா" என்றாள். ஜன்னல் ஓரத்தில் உட்காரச் சொன்னதற்கு, வேண்டாம் என்று நடுவில் வந்து எங்களுக்குள் இடுக்கிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. மேடையில் பேர் வந்ததும் தலை கனத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரமே போய்விட்டாள்.

பாவம் அந்த மனுஷர். தினமும் காலையில் எங்கள் வேன் நிற்கிற இடத்தில் வந்து நிற்பார். ஒருவர் முகத்தையும் விடாமல் பார்ப்பார். "வீட்டுல சத்தமே இல்லீங்க்கா" என்று ஒரு நாள் அழுதார். ஆம்பளை அழுதால் எனக்குத் தாங்காது.

போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர். சுகந்தி. நல்லா இருக்கேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க்கா என்றாள். அந்தச் சமையல்கார அம்மாவிடம்தான் இருக்கிறாளாம், வெங்காயம் உரித்துக்கொண்டு. நான் திட்டினேன். புருஷன் ரோட்டில் நின்று அழுகிறான், நீ யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வெங்காயம் உரிக்கிறாயா என்று. அப்புறம், "அக்கா, நாளைக்குக் காலைல வேன்ல யாராச்சும் கதை சொன்னாங்கன்னா போனை ஆன் பண்ணி அப்படியே மடியில வெச்சுக்குங்க. நான் கேட்டுட்டு இருக்கேன்" என்றாள். வைத்தேன். ரெஜினா சொன்னதற்கு நாங்கள் சிரித்தபோது போனுக்குள்ளிருந்து அந்த மோட்டார் சத்தம் வந்தது. தனியா ஒரு நாள் வாங்க்கா என்று எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதையும் சொன்னாள்.

நான் வாக்குத் தவற மாட்டேன் அம்மணி. மகுடீஸ்வரனிடம் ஊர் பேரைச் சொல்லவில்லை. எவ்வளவோ கேட்டார், மூச்சு விடவில்லை. கூட்டிக்கொண்டு போகிறேன், நேரில் பார்த்துப் பேசி அழைத்து வாருங்கள் என்று மட்டும்தான் சொன்னேன். சொன்னால்தானே தப்பு. டிக்கெட்டைக்கூட மூலனூருக்கே எடுத்திருக்கிறேன். நடுவில் ரோடு பிரிகிற இடத்தில், ஒரு பிரிவில் இறங்க வேண்டும், அதைக் கண்டக்டரிடம் காதோடு சொல்லி வைத்திருக்கிறேன். என்ன சாமர்த்தியம் பார்.

அவரா? இந்தப் பஸ்ஸில்தான். பின்னால், ஆம்பளைங்க பக்கம், நீலக் கட்டம் போட்ட சட்டை. காலையில் அவர் வீட்டுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். மெதுவாகத் திரும்பு, எல்லாரும் பார்க்கிற மாதிரி திரும்பாதே. நம்மைத்தான் பார்க்கிறாரா? பார்ப்பார், பார்ப்பார். நான் எங்கே எழுந்திருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கை ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது உனக்கு?

என்ன? என்ன கேட்டாய்?

கதைக்குக் கேள்வி கிடையாது என்றேனே. சரி, அது வேன் சட்டம், பஸ்ஸுக்கு இல்லை. சொல்கிறேன். வீட்டுக்குள் ஹெல்மெட் எதற்கு என்றால், அது ஓட்டு வீடாக இருக்கும். ஓடு சரிந்து தலையில் விழும் என்று போட்டிருப்பாள். நான் அப்படித்தான் வைத்திருந்தேன் மனசில். யாரும் கேட்கவில்லை, நானாக அப்படி வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஓட்டு வீடு இல்லை அது. காலையில் பார்த்தேனே, மெத்தை வீடு. மேலே தளம் போட்டிருக்கிறது. அவர் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனார், நான் தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் போனேன். பாத்திரமெல்லாம் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு சொம்புகூட வட்டமாக இல்லை. எல்லாம் நசுங்கினது. குக்கருக்கு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. என் கண் சும்மா இருக்குமா, பழுது பார்த்தே பழகிய கண். சுவரைப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்துச் சுவர். காரை பெயர்ந்து சொட்டை சொட்டையாக இருந்தது. ஓதம் என்று நினைத்தேன். ஓதம் கீழேயிருந்துதானே ஏறும். கீழே சுவர் நன்றாக இருந்தது. சொட்டை எல்லாம் ஒரே உயரத்தில். இதோ, என் காது இருக்கிற உயரத்தில்.

சுகந்தியும் நானும் ஒரே உயரம்.

இரு அம்மணி. ஒன்றும் சொல்லாதே. கொஞ்சம் இரு.

உள்ளேயிருந்து வந்தவர், "என்னக்கா பார்க்கறீங்க?" என்றார். தண்ணி நல்லா இருக்குங்க தம்பி என்றேன். அவர் சிரித்தார். ஏன் அப்படிச் சொன்னேன்? நான் தண்ணீரே குடிக்கவில்லை. சொம்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கண்டக்டர் வருகிறார். என்னைத்தான் பார்க்கிறார். "பிரிவு கேட்டது யாரும்மா? பிரிவு இறங்கறவங்க?" என்கிறார், கேட்டதா. நான் இல்லை. நான் கேட்கவில்லை. நீ எழுந்திருக்காதே, ஜன்னல் பக்கம் பார்க்காதே, என் முகத்தைப் பார். வேகம் குறைகிறது. யாரும் இறங்கவில்லை என்றால் போய்விடுவார். போங்க சாமி. விசிலை ஊதுங்க.

ஊதிவிட்டார்.

போகட்டும். நன்றாகப் போகட்டும். திரும்பிப் பார்க்காதே என்றேனே.

என் மடியில் போன் இருக்கிறது, முந்தானைக்கு அடியில். தெரிகிறதா நம்பர்? உன் போனில் அடித்து வைத்துக்கொள். இப்போது பேசாதே. நான் மூலனூரில் இவரைக் கூட்டிக்கொண்டு இறங்குவேன். எங்கேயாவது நடப்பேன், சந்தைப் பக்கம், கோயில் பக்கம், கால் இருக்கிறவரைக்கும் நடப்பேன். இடம் மறந்துவிட்டது என்பேன். நீ பஸ் நகர்ந்ததும் அவளைக் கூப்பிடு. துளசிமணி சொன்னாள் என்று சொல்லாதே, என் பேரைக் கேட்டால் இனி நம்புவாளோ என்னவோ. அங்கேயிருந்து கிளம்பு என்று சொல். ஏன் என்று கேட்டால்... அவள் கேட்கமாட்டாள்.

அடித்துவிட்டாயா? பைக்குள் போடு.

எழுந்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறார். சிரி அம்மணி. வராவிட்டாலும் சிரி, வாயையாவது திற. நான் கதை சொல்கிறேன், நீ சிரிக்கிறாய், அவ்வளவுதான். பூசாரி காலில் விழுந்தானா, ஆத்தா எண்ணெய் மட்டுந்தான் என்றானா, இவள் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிவிட்டு—

வாங்க தம்பி. பார்த்து, கம்பியை விட்டுடாதீங்க. இன்னும் தூரம் இருக்குங்களே, மூலனூர் வரணும். அதுங்களா? அது வேற யாரோ கேட்டிருப்பாங்க, நம்முளுது இல்லீங்க. இந்தப் பொண்ணா? பழக்கமெல்லாம் இல்லீங்க, இப்பத்தான் பார்க்கறேன். நம்ம சுகந்தி கதையைத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். பாருங்க, சிரிச்சுச் சிரிச்சுப் பாவம், கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.